மூவரசர் படத்தை முடிக்காமல் ஊரை விட்டுப் போன ஓவியர்

லியோனார்டோ டாவின்சியின் வாழ்க்கை வரலாறு

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயங்களின் வாசலில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். திண்ணை ஓரத்தில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் கட்டுவார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடி நின்று கட்டுவதுதான் அங்கே வழக்கம். மாடு, ஆடு, மேய்ப்பர்கள் எல்லாம் வைத்த பிறகு கடைசியாக மூன்று ராஜாக்களை வைப்பார்கள். ஒருவர் நரைத்த கிழவர், ஒருவர் நடுவயதினர், ஒருவர் இளைஞர். கையில் ஆளுக்கொரு பெட்டி.

இந்த மூன்று ராஜாக்களுக்கும் நமது கேரளத்துக்கும் ஓர் உறவு சொல்லப்படுகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் பிறவம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய தேவாலயத்தில் மூவரசர்களின் நினைவு போற்றப்படுகிறது. குழந்தை ஏசுவைக் கண்டு வணங்கிவிட்டு அந்த ராஜாக்கள் திரும்பி வந்த ஊர் இதுதான் என்று அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாசனம், கல்வெட்டு என்று சான்று கேட்டால் காட்ட முடியாது. நம்பிக்கை, அவ்வளவுதான்.

பைபிளில் மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில்தான் இந்தச் சம்பவம் வருகிறது. கிழக்கே இருந்து ஞானிகள் வந்தார்கள், பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் காணிக்கையாக வைத்தார்கள் என்று மட்டுமே அதில் உள்ளது. அவர்கள் ராஜாக்கள் என்றோ, மூன்று பேர் என்றோ அதில் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் வந்தவர்களும் மூன்று பேர் என்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்காலத்தில் சூட்டப்பட்டவையே.

ஐரோப்பாவில் ஓவியக்கலை உச்சத்தில் இருந்த 15ஆம் நூற்றாண்டில் இந்தக் காட்சியை வரையாத பெரிய ஓவியர் இல்லை என்றே சொல்லலாம். அப்படி வரையப்பட்ட படங்களில் உலகம் முழுவதும் பேசப்படும் ஒரு படம் பாதியில் நின்றுபோன படமாகும். அதை வரையத் தொடங்கி, முடிக்காமல் ஊரை விட்டே போனவர் லியோனார்டோ டாவின்சி. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வேற்று ராஜ்யம் போன அவரது கதை, வாளையாறு தாண்டி வந்து வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அறிமுகமான கதைதான்.

தாய் ஒரு வீடு, தகப்பன் ஒரு வீடு

இன்றைய இத்தாலி அப்போது ஒரே நாடாக இருக்கவில்லை. பிளாரன்ஸ், மிலான், வெனிஸ் என்று தனித்தனி ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. பிளாரன்ஸைச் சேர்ந்த வின்சி என்னும் சிற்றூரில் 1452ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி லியோனார்டோ பிறந்தார். வின்சி ஊர்க்காரர் என்பதே டாவின்சி என்பதன் பொருள்.

தந்தை பியரோ, பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் நோட்டரி. பல தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு அதுவே தொழில். தாய் காத்தரினா ஓர் ஏழைப்பெண். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பியரோ வசதியான இடத்தில் வேறு பெண்ணை மணந்துகொண்டார். காத்தரினாவைச் சூளையில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். குழந்தை தாத்தா வீட்டில் வளர்ந்தது. பேரன் பிறந்த நாளையும் நேரத்தையும் தாத்தாதான் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இன்று நாம் அந்தத் தேதியை அறிவது அவரால்தான்.

முறைப்படி திருமணம் ஆகாத தம்பதிக்குப் பிறந்த பிள்ளை நோட்டரிகள் சங்கத்தில் சேர முடியாது. ஆகவே தந்தையின் தொழில் பையனுக்குக் கிடைக்காமல் போயிற்று. லத்தீன் மொழி கற்பிக்கும் உயர்ந்த படிப்பும் அவருக்கு வாய்க்கவில்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால்தான் நேராகத் தெரியும்படி எழுதும் வழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை.

பட்டறையில் கற்ற பாடம்

சுமார் 14 வயதில் தந்தை அவரைப் பிளாரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்பவரின் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்நாள் ஓவியப் பட்டறை ஒரு தொழிற்சாலை போன்றது. வர்ணம் அரைப்பது, பலகைக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுப்பது, தங்க ரேக்கு ஒட்டுவது, வெண்கலம் வார்ப்பது என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். பையன்கள் எடுபிடி வேலையில் தொடங்கிப் படிப்படியாகத் தூரிகை பிடிப்பார்கள்.

ஏசு ஞானஸ்நானம் பெறும் காட்சியை வெரோக்கியோ வரைந்தபோது, ஓரத்தில் உள்ள ஒரு தேவதூதனை வரையும் வேலையைச் சீடனுக்குக் கொடுத்தார். சீடன் வரைந்த தேவதூதனைக் கண்ட குரு அதன்பின் தூரிகையையே தொடவில்லை என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அந்தப் படம் இன்றும் இருக்கிறது. குருவின் கை எது, சீடனின் கை எது என்று பார்த்தவுடனே தெரியும்.

1472ஆம் ஆண்டு, 20 வயதில், பிளாரன்ஸ் ஓவியர் சங்கத்தில் லியோனார்டோ பெயர் பதிவாயிற்று. 1478ஆம் ஆண்டு நகர ஆட்சி மாளிகைக் கோயிலுக்குப் படம் வரையும் வேலை அவர் பெயருக்குக் கிடைத்தது. 25 பொற்காசு முன்பணம் வாங்கினார். அந்தப் படத்தை அவர் கொடுக்கவே இல்லை.

மடத்தோடு ஒப்பந்தம்

பிளாரன்ஸ் கோட்டை மதிலுக்கு வெளியே ஸ்கோபெட்டோ என்ற இடத்தில் சான் டொனாட்டோ மடம் இருந்தது. அகஸ்தீன் சபைத் துறவிகளின் மடம் அது. லியோனார்டோவின் தந்தைதான் அந்த மடத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர். மடத்துக் கோயிலின் பிரதான பீடத்துக்கு மூவரசர் வணங்கும் படம் ஒன்று வேண்டியிருந்தது. தந்தையின் சிபாரிசில் வேலை மகனுக்கு வந்திருக்க வேண்டும். 1481ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது லியோனார்டோவுக்கு 29 வயது முடியவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகள் இன்றும் கிடைக்கின்றன. கணக்கெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அவற்றை வாசிக்கையில் மனம் கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்கிறது.

24 மாதத்தில், மிஞ்சினால் 30 மாதத்தில் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். வர்ணமும் தங்கமும் ஓவியரின் சொந்தச் செலவு. தவணைக்குள் முடிக்காவிட்டால் ஆனது வரையில் மடம் எடுத்துக்கொள்ளும். கூலி ரொக்கம் அல்ல. குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் மடத்துக்கு எழுதி வைத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூலி. மடம் விரும்பினால் 300 பொற்காசு கொடுத்து அதை மீட்டுக்கொள்ளலாம். அதுமட்டுமல்ல, அந்தச் சொத்தோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏழைப் பெண் ஒருத்தியின் சீதனமாக 150 பொற்காசை ஓவியரே கட்ட வேண்டும்!

வேலை தொடங்கிச் சில மாதங்களிலேயே அவரால் சமாளிக்க முடியவில்லை. சீதனப் பணத்தில் 28 பொற்காசை மடமே அவர் பேரில் கட்டி, அதைக் கடனாக எழுதிக்கொண்டது. வர்ணம் வாங்கவும் பணம் கொடுத்தது. மடத்துக் கடிகாரத்துக்கு வர்ணம் தீட்டிக் கொடுத்து, அதற்குக் கூலியாக விறகும் கட்டையும் வாங்கிக்கொண்டார். ஒரு முறை தானியம் வாங்கியிருக்கிறார். 1481 செப்டம்பர் 28ஆம் தேதி ஒரு பீப்பாய் சிவப்பு ஒயின் கொடுத்ததாகக் கணக்கில் உள்ளது. அதோடு மடத்துக் கணக்கில் அவர் பெயர் நின்றுவிடுகிறது.

அதே ஆண்டில் ரோமாபுரியில் போப்பாண்டவரின் புதிய கோயிலுக்குச் சுவரோவியம் வரையப் பிளாரன்ஸிலிருந்து ஓவியர்கள் அழைக்கப்பட்டார்கள். போட்டிச்செல்லி போனார், கிர்லாந்தாயோ போனார். லியோனார்டோவை யாரும் கூப்பிடவில்லை.

படத்தில் என்ன இருக்கிறது?

பிளாரன்ஸ் மக்களுக்கு மூவரசர் என்றால் தனிப் பிரியம். ஜனவரி 6ஆம் தேதித் திருநாளுக்கென்றே அங்கே ஒரு சபை இருந்தது. ராஜ உடையில் குதிரைகளோடு ஊர்வலம் நடத்துவார்கள். ஊரை ஆட்டிப்படைத்த வட்டிக்கடைச் சீமான்களான மெடிசி குடும்பத்தார் அந்தச் சபையில் முக்கியஸ்தர்கள். போட்டிச்செல்லி 1475 வாக்கில் வரைந்த படத்தில் ராஜாக்களுக்கு மெடிசி குடும்பத்தாரின் முகங்களையே வைத்துவிட்டார். பட்டு, பொன், குதிரை, பரிவாரம் என்று ஒரே ஆடம்பரம். பணம் படைத்தவர்களுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

லியோனார்டோ எடுத்துக்கொண்ட வழி வேறு. சுமார் எட்டடிச் சதுரப் பலகை. நடுவில் மேரி, மடியில் குழந்தை. கிழ ராஜாக்கள் தரையில் மண்டியிட்டிருக்கிறார்கள். கிரீடம் இல்லை, பட்டாடை இல்லை. ஒருவர் நீட்டும் காணிக்கையைக் குழந்தை எட்டித் தொடுகிறது. சுற்றிலும் ஒரு பெரிய கூட்டம். ஒருவர் கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்க்கிறார். ஒருவர் திகைக்கிறார். ஒருவர் குனிந்து தரையில் சாய்கிறார். கிழவர்களின் கன்னம் ஒட்டிக் கண் குழிந்திருக்கிறது. வந்தது ராஜாக்களா, ஊர் ஜனங்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பின்னால் இடிந்த கட்டடம் ஒன்று, படிக்கட்டுகளோடு நிற்கிறது. வலப்பக்கம் குதிரை வீரர்கள் சண்டையிடுகிறார்கள். சமாதானம் பிறந்த இடத்துக்குப் பின்னாலேயே உலகத்தின் சண்டையும் நடந்துகொண்டிருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் ஓர் இளைஞன் மட்டும் குழந்தையைப் பார்க்காமல் வெளியே முகம் திருப்பி நிற்கிறான். அது லியோனார்டோவே என்று சிலர் கருதுகிறார்கள்.

இவ்வளவும் கோடுகளாகவும் பழுப்பு நிறப் பூச்சாகவும் நிற்கின்றன. வர்ணம் முழுமையாக ஏறவில்லை.

ஏன் முடிக்கவில்லை? ஏராளமான முகங்களையும் உடல்களையும் ஒரே பலகையில் உயிரோடு நிறுத்தும் வேலை அது. மனதில் தோன்றியதைக் கை எட்டிப்பிடிக்க முடியாமல் அவர் நிறுத்திவிட்டார் என்பது ஒரு கருத்து. கூலியே வராத வேலையில் எத்தனை நாள் நிற்க முடியும் என்பது இன்னொரு கருத்து. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வேற்று ராஜ்யத்தில் வேலை

1482ஆம் ஆண்டு வாக்கில் லியோனார்டோ மிலானுக்குப் புறப்பட்டார். வேறு ஆட்சி, வேறு நாணயம், பேச்சும் வேறு மாதிரி. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்தார். அதன் நகல் இன்றும் உள்ளது. தன்னால் தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்ட முடியும், பீரங்கி செய்ய முடியும், அகழித் தண்ணீரை வடிக்க முடியும், மூடிய போர் வண்டி செய்ய முடியும் என்று வரிசையாக எழுதுகிறார். பத்துத் தகுதிகளில் முதல் ஒன்பதும் யுத்தம் சம்பந்தப்பட்டவை. கடைசியில்தான் கட்டடம் கட்டுவதையும், வாய்க்கால் வெட்டுவதையும், சிலை செய்வதையும், படம் வரைவதையும் குறிப்பிடுகிறார். எஜமானுக்கு எது தேவையோ அதை முன்னால் எழுத வேண்டும் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

மிலானில் சுமார் 17 ஆண்டுகள் இருந்தார். அங்கும் ஒப்பந்தத் தொல்லை விடவில்லை. 1483இல் ஒரு பக்த சபைக்குப் பாறைக் குகையில் மேரி அமர்ந்திருக்கும் படம் வரைய ஒத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் முடிய வேண்டிய விவகாரம், கூலித் தகராறில் 20 ஆண்டுக்கு மேல் இழுத்தது.

லுடோவிகோவின் தகப்பனாருக்கு ஞாபகார்த்தமாக மாபெரும் வெண்கலக் குதிரை ஒன்று வார்க்க வேண்டும் என்பது இன்னொரு வேலை. களிமண்ணில் 20 அடிக்கு மேல் உயரமான மாதிரியைச் செய்து 1493இல் காட்சிக்கு வைத்தார். ஊரே கூடிப் பார்த்தது. ஆனால் சிலைக்கென்று சேர்த்த வெண்கலத்தை அடுத்த ஆண்டே பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார் லுடோவிகோ. 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சுப் படையின் வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையைக் குறி பார்க்கும் இலக்காக வைத்துச் சிதைத்துவிட்டார்கள்.

கணக்கு நோட்டில் ஒரு பெயர்

லியோனார்டோவுக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. பறவையின் இறக்கை, நீரின் சுழல், மனித எலும்பு, பல் சக்கரம், கடன் பாக்கி, துணி விலை எல்லாம் ஒரே நோட்டில் கலந்து கிடக்கும். அப்படி எழுதியவற்றில் சுமார் 7,000 பக்கங்கள் இன்று மிஞ்சியுள்ளன.

அவற்றில் ஓரிடத்தில், 1493 ஜூலை 16ஆம் தேதி காத்தரினா வந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. வேறு விவரம் இல்லை. சில ஆண்டுகளுக்குள் எழுதிய இன்னொரு பக்கத்தில் காத்தரினாவின் அடக்கச் செலவுக் கணக்கு வருகிறது. மெழுகுவர்த்திக்கு இவ்வளவு, பாடைக்கு இவ்வளவு, பாதிரியார்களுக்கு இவ்வளவு, குழி வெட்டியவர்களுக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டியிருக்கிறார்.

இந்தக் காத்தரினா அவரைப் பெற்ற தாய் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். வேலைக்காரியாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. தாய் என்றால், 40 ஆண்டு கழித்து, மூதாட்டி, ஊர் விட்டு ஊர் வந்து மகன் வீட்டில் கண்ணை மூடியிருக்கிறார். அழுததாக மகன் எங்கும் எழுதவில்லை. செலவை மட்டும் எழுதியிருக்கிறார்.

சுவரில் உதிர்ந்த படம்

1495 முதல் 1498 வரை மிலான் மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடச் சுவரில் ஏசுவின் கடைசி இரவு விருந்தை வரைந்தார். நமது வீடுகளில் சாப்பாட்டு அறையில் மாட்டப்படும் இராப்போஜனப் படம் இதைப் பார்த்து வந்ததுதான். ஈரச் சுண்ணாம்பில் வேகமாக வரைவது அக்கால முறை. அந்த அவசரம் லியோனார்டோவுக்குப் பிடிக்கவில்லை. நின்று நிதானமாகத் திருத்தி வரைய வேண்டுமென்று காய்ந்த சுவரில் வரைந்தார். விளைவு, அவர் உயிரோடு இருக்கும்போதே வர்ணம் உதிரத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1943 ஆகஸ்ட் மாதம், அந்தக் கூடத்தின் மீது குண்டு விழுந்து கூரையும் பக்கச்சுவரும் இடிந்தன. மணல் மூட்டை அடுக்கிப் பாதுகாத்திருந்த படச்சுவர் மட்டும் நின்றது. 20 ஆண்டுக்கு மேல் நடந்த செப்பனிடும் வேலைக்குப் பின் 1999இல் மீண்டும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

சகோதரர்கள் போட்ட வழக்கு

மிலான் வீழ்ந்த பிறகு லியோனார்டோ நாடோடியானார். 1502இல் போர்ஜியா என்ற கொடூரமான தளபதியிடம் கோட்டை மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். பிளாரன்ஸ் திரும்பி, ஆட்சி மாளிகையில் பெரிய யுத்தக் காட்சியைத் தொடங்கினார். அதுவும் பாதியில் நின்றது. 1503 வாக்கில் பட்டு வியாபாரி ஒருவரின் மனைவியைப் படம் வரையத் தொடங்கினார். அதுதான் உலகம் அறிந்த மோனலிசா. அந்தப் படத்தையும் அவர் வியாபாரியிடம் கொடுக்கவில்லை. சாகும் வரை கூடவே வைத்திருந்து திருத்திக்கொண்டிருந்தார்.

1504 ஜூலையில் தந்தை காலமானார். அடுத்தடுத்து மணந்த மனைவியர் வழியாக அவருக்குப் பல பிள்ளைகள் இருந்தார்கள். சொத்தில் லியோனார்டோவுக்குச் சல்லிக்காசு பங்கு இல்லை. பிறப்பின் குறை 52 வயதிலும் அவரைத் துரத்தியது. பிள்ளையில்லாத சித்தப்பா பிரான்செஸ்கோ தனது நிலத்தை லியோனார்டோவுக்கு எழுதி வைத்தார். 1507இல் அவர் இறந்ததும், தம்பிமார்கள் அதற்கும் வழக்குப் போட்டார்கள்.

பிரான்சில் கடைசிக் காலம்

மீண்டும் மிலான், பிறகு ரோம் என்று அலைந்தபின், 1516இல் பிரான்ஸ் தேசத்து இளம் அரசர் முதலாம் பிரான்சிஸ் அவரை அழைத்துக்கொண்டார். அம்புவாஸ் அரண்மனைக்குப் பக்கத்தில் வீடும் ஆண்டுதோறும் மானியமும் கொடுத்தார். அவரோடு பேசிக்கொண்டிருப்பதே அரசருக்குப் போதுமாக இருந்தது. எழுதிக் கொடுக்க வேண்டிய தவணை எதுவும் இல்லாத உத்தியோகம் வாழ்க்கையில் அப்போதுதான் கிடைத்தது. ஆனால் கை முடங்கிவிட்டது. 1517இல் பார்க்க வந்த விருந்தினர்களுக்கு மூன்று படங்களை எடுத்துக் காட்டியதாகவும், வலது கையில் வாதம் இருந்ததாகவும் அவர்களில் ஒருவர் குறித்து வைத்துள்ளார்.

1519 ஏப்ரல் 23ஆம் தேதி உயில் எழுதினார். நோட்டுப் புத்தகங்கள் அனைத்தும் கூடவே இருந்த சீடர் மெல்சிக்கு. வீட்டு வேலைக்கார அம்மாளுக்கு நல்ல கருப்புத் துணியில் தைத்த அங்கி. தனது அடக்கத்தின்போது 60 ஏழைகள் 60 மெழுகுவர்த்தி ஏந்தி வர வேண்டும், அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார். பிளாரன்ஸில் சேமிப்பில் வைத்திருந்த 400 பொற்காசை யாருக்கு எழுதினார் தெரியுமா? தன் மேல் வழக்குப் போட்ட தம்பிமார்களுக்குத்தான்!

1519 மே 2ஆம் தேதி, 67ஆம் வயதில் லியோனார்டோ காலமானார். அரசரின் மடியில் தலை வைத்து உயிர் விட்டார் என்று சொல்லப்படுவது கதை. அன்று அரசர் வேறு ஊரில் இருந்தார் என்பதே சரித்திர ஆசிரியர்களின் முடிவு.

மடத்துக்கு என்ன ஆயிற்று? படத்துக்கு என்ன ஆயிற்று?

சான் டொனாட்டோ துறவிகள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு வேலையைப் பிலிப்பினோ லிப்பி என்ற ஓவியரிடம் கொடுத்தார்கள். அவர் 1496இல் வேறொரு பலகையில் மூவரசர் படத்தை முடித்துக் கொடுத்தார். ஒப்பந்தம் எழுதி 15 ஆண்டு கழித்துப் பீடத்துக்குப் படம் வந்தது. 1529இல் எதிரிப்படை முற்றுகையிட வருகிறது என்று மதிலுக்கு வெளியே இருந்த கட்டடங்களைப் பிளாரன்ஸ்காரர்களே இடித்தபோது அந்த மடமும் தரைமட்டமாயிற்று. முடித்த படம் தப்பியது.

முடிக்காத படமும் தப்பியது. லியோனார்டோ ஊரை விட்டுப் போனபோது அதைத் தன்னோடு எடுத்துப் போகவில்லை. பென்சி என்ற நண்பர் குடும்பத்தார் வீட்டில் அது இருந்தது. பிறகு மெடிசி குடும்பத்தின் கைக்குப் போய், இறுதியில் பிளாரன்ஸ் உபிசி கலைக்கூடம் வந்து சேர்ந்தது. லிப்பியின் படமும் இன்று அதே கலைக்கூடத்தில்தான் உள்ளது.

நூற்றாண்டுக் கணக்கில் பூசப்பட்ட மெருகெண்ணெய் கறுத்து, லியோனார்டோவின் படம் அடையாளம் தெரியாமல் மங்கிக் கிடந்தது. 2011இல் பிளாரன்ஸிலேயே உள்ள செப்பனிடும் நிலையத்துக்கு அதைக் கொண்டுபோனார்கள். ஆறு ஆண்டுகள் அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்தார்கள். 2017 மார்ச் மாதம் படம் உபிசிக்குத் திரும்பியது.

அழுக்கு நீங்கியதும் வானத்தில் நீலம் தெரிந்தது. குதிரை வீரர்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பின்னணியில் இருக்கும் அந்த இடிந்த கட்டடத்தை இதுவரை வெறும் பாழ் என்றே நினைத்திருந்தார்கள். அதன் மேல் ஆட்கள் ஏறி நின்று வேலை செய்கிறார்கள். கொத்தனார்கள்! இடிந்ததைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குடிலில் மூன்று ராஜாக்களை நாம் வைக்கும்போது கொத்தனாருக்கு அதில் இடம் கொடுப்பதில்லை. சேணம் தைப்பவரின் நிலத்தைக் கூலியாக ஒத்துக்கொண்டு, கடிகாரத்துக்கு வர்ணம் அடித்து விறகு வாங்கிய ஓவியர் கொடுத்திருக்கிறார். மடத்துக் கணக்குப்படி அவர் கடன்காரராகவே ஊரை விட்டுப் போனார். அந்தக் கணக்கை எழுதிய மடம் இன்று இல்லை. கடனுக்கு ஈடாக நின்ற பலகையைப் பார்க்கத்தான் உலகத்தின் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் பிளாரன்ஸ் போய்க்கொண்டிருக்கிறார்கள்.